வலது பக்கத்துக்கு என்ன வைப்பது? ஒரு தையல்காரியின் மதிப்பீடு

மதுரையில் 26 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். கடை என்று தனியாக இல்லை, வீட்டு முன்னறைதான். புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எம்.ஆர்.எம். என்று எழுதியிருந்தார்கள். மார்போடு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது. அப்புறம் கீமோ, ரேடியேஷன். எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று நான் தைத்துப் பார்த்தது, வாங்கிப் போட்டது, டாக்டரிடம் கேட்டது எல்லாம் இதில் இருக்கிறது.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடது பக்கம் போயிருந்தால் முந்தானை பெரும்பாலும் மறைத்துவிடும். வலது பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கை தூக்கினால் பக்கவாட்டில் ஜாக்கெட் அப்படியே தெரியும்.

முதலில் நானே தைத்த பஞ்சு மெத்தை. லைனிங் துணியில் வட்டமாக வெட்டி, தலையணைப் பஞ்சு அடைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கனம் இல்லாத பொருள் ஓரிடத்தில் நிற்காது. இரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்தால் கழுத்தெலும்புக்குக் கீழே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அளவு கொடுக்க வந்த ஒரு பெண், "அக்கா, உங்க ஜாக்கெட்டே ஒரு பக்கம் ஏறிக்கிட்டு நிக்குதே" என்றாள். தையல்காரிக்கு இதைவிட வேறு என்ன கேவலம் வேண்டும்? கனத்துக்காக உள்ளே கடுகை மூட்டை கட்டி வைத்தேன். சித்திரை வெயிலில் வேர்வை இறங்கி நாலாம் நாள் நாற்றம். தூக்கிப் போட்டேன்.

அடுத்தது நூலில் பின்னியது. 2011-ல் அமெரிக்காவில் ஆரம்பித்து பல நாடுகளுக்குப் பரவிய வேலை இது. நம் நாட்டில் மும்பையில் உள்ள சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் இலவசமாகக் கொடுக்கிறது. பருத்தி நூலில் குரோஷா பின்னல், உள்ளே பஞ்சு. பின்னால் திறப்பு வைத்திருப்பதால் பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம். கைவேலை சுத்தம். பின்னல் ஒரே இறுக்கமாக இருக்கிறது, முடிச்சு எதுவும் தோலில் உறுத்தவில்லை. துவைத்தால் காய்ந்துவிடும். தழும்பு ஆறாத வாரங்களில், ரேடியேஷனில் தோல் கறுத்து உரிந்துகொண்டிருந்தபோது, மேலே வைக்க முடிந்தது இது ஒன்றைத்தான். இதுவும் ஏறத்தான் செய்கிறது, ஆனால் பாடியின் (பிராவின்) உள்ளே பை வைத்துத் தைத்துவிட்டால் பரவாயில்லை. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது இன்றும் இதைத்தான் போடுகிறேன்.

வெளியே போகவும் தைக்க உட்காரவும் சிலிக்கான் மார்பு வாங்கினேன். வாங்கப் போன கடையின் பெயரைச் சொல்ல வேண்டாம். கவுன்டரில் இருந்த பையன் "எந்த சைடு, என்ன சைஸ்?" என்று, முழங்கால் பட்டை வாங்க நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி கேட்டான். போட்டுப் பார்க்க அறை கிடையாது, பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். கழுத்துப் பட்டையைக்கூடப் போட்டுப் பார்த்து வாங்கும் கடையில்! வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் தனியறையில் வைத்து அளவு பார்த்தார். 4,600 ரூபாய் ஆனது. அது தகும்.

கப் சைஸ் மட்டும் சொல்லி இதை வாங்கவே கூடாது. முக்கோண வடிவம் இருக்கிறது, மாங்காய் மாதிரி ஒரு வடிவமும் இருக்கிறது. எனக்கு அக்குள் பக்கமும் குழிந்திருந்ததால், அந்தப் பக்கம் நீளும் வால் உள்ளதுதான் பொருந்தியது. கனத்தை இடது பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் லேசாக இருந்தால் தோள் அறியாமலேயே ஏறிக்கொள்ளும், கழுத்து வலிக்கும். கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். குனிந்து பாருங்கள், கை தூக்கிப் பாருங்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டி, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி முன்னால் சாய்ந்து பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். சாய்ந்தபோது அது மார்போடு ஒட்டியே இருந்தது, அதனால் வாங்கினேன்.

குறை, சூடு. மே மாதத்தில் மதியத்துக்கு மேல் அந்த இடம் அவிந்த மாதிரி ஆகிவிடும். தினமும் மிதமான சோப்பில் கழுவித் துடைத்து அதன் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பை வைத்த ரெடிமேட் பாடிக்குக் கடையில் கேட்ட விலை அநியாயம். சாதாரணக் காட்டன் பாடியில் பழைய வேட்டித் துணியில் பை வைத்து, மேல் ஓரத்தைத் தைக்காமல் விட்டால் போதும், அரை மணி நேர வேலை.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். மார்பை எடுத்த ஆஸ்பத்திரியில், திரும்ப உருவாக்கவும் வழி உண்டு என்று ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்வது வேறு, எனக்காக அவர்களே முடிவு செய்துகொள்வது வேறு. ரேடியேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து வேறு ஒரு ஊரில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், முக்கால் மணி நேரம் பேசினார். கம்ப்யூட்டரில், உடம்பில் வேறு இடத்துச் சதையை எடுத்து உருவாக்கிய மார்புகளின் படங்களைக் காட்டினார். எல்லாம் அழகாக இருந்தன. "சார், சதையை எடுத்த இடத்தைக் காட்டுங்க" என்றேன். எந்த வேலையையும் புரட்டி உள்பக்கம் பார்க்காமல் நான் நல்லது என்று சொன்னதில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தவர், அடுத்த படங்களைத் திறந்தார்.

இம்பிளான்ட் என்பது சிலிக்கான் பையை உள்ளேயே வைப்பது. ஆபரேஷன் சின்னது, வேறு எங்கும் வெட்டுவதில்லை. தோல் போதாவிட்டால் முதலில் ஒரு காலிப் பையை வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் ஏற்றி, தோல் விரிந்ததும் மாற்றுவார்கள். ஆனால் உடம்பு அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு உறை கட்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் அந்த உறை இறுகிக் கல்லாகும் வாய்ப்பு அதிகம். ஆயுசுக்கும் நிற்கும் பொருளும் இல்லை, பிற்பாடு மாற்ற வேண்டிவரலாம். ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்பது அமெரிக்க அரசின் மருந்துத் துறை சொல்லும் கணக்கு. மேற்பரப்பு சொரசொரப்பான ஒரு வகையை, அபூர்வமான ஒரு புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இப்போது வைப்பதாக இருந்தால் வழவழப்பானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர் ஒரு பெண், வயது 34, ரேடியேஷன் தேவைப்படாதவள். மார்பை எடுத்த அன்றே இதை வைத்துக்கொண்டாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவள் ஜாக்கெட்டில் மார்பு வளைவுக்காக நான் மடித்துத் தைக்கும் டாட்கூட இரண்டு பக்கமும் ஒரே அளவுதான்.

முதுகுச் சதையை அக்குள் வழியாக முன்னால் திருப்பிக் கொண்டுவருவது இன்னொன்று. நம்பிக்கையான ஆபரேஷன் என்கிறார்கள். சதை போதாமல் பல பேருக்குக் கூடவே இம்பிளான்டும் வைக்க வேண்டியிருக்கும். எனக்கு இது ஆகாது. நாள் முழுக்கத் துணியை இழுத்து, கத்தரி பிடிக்கும் கை, ஏற்கெனவே முடிச்சு எடுத்ததால் சாயங்காலம் கனத்து வீங்கும் கை. அதே தோளின் தசையை அவிழ்த்து எடுப்பதா? படத்தில் அந்த முதுகுத் தழும்பைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாவதைத்தான் ரசித்துக் கேட்டேன். டீப் ஃபிளாப் என்று பெயர். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் வைப்பது. பழைய முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுத்ததால் சிலருக்குக் குடலிறக்கம் வந்தது. இதில் தசையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயை மைக்ராஸ்கோப் வைத்து இணைக்கிறார்கள். நூல் என்ன நம்பர் என்று கேட்டேன். 9-0 என்றார், தலைமுடியைவிட மெல்லியதாம். அந்த நூலில் குழாயைச் சுற்றிலும் சுருக்கம் விழாமல் தைக்கிறார்கள் என்றால், நான் 26 வருடமாகச் செய்வது சாக்குத் தையல்தான். கையெடுத்துக் கும்பிட்டேன்.

ரேடியேஷன் பட்ட மார்புக்கு இதுதான் ஏற்றது என்று அவரும் சொன்னார். சொந்தச் சதை, உடம்போடு ஏறும், இறங்கும், மாற்ற வேண்டியதில்லை. இதன் மறுபக்கம் என்னவென்றால், ஆறிலிருந்து எட்டு மணி நேர ஆபரேஷன். முதல் நாள் மணிக்கொரு தடவை ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், அடைத்துக்கொண்டால் மறுபடி தியேட்டர். நூற்றில் ஓரிருவருக்கு வைத்தது மொத்தமாகப் பட்டுப்போகலாம். இடுப்பின் ஒரு எலும்பிலிருந்து மறு எலும்புவரை தழும்பு. புற்றுநோய் திரும்பாமல் இருக்க நான் சாப்பிடும் டமோக்சிஃபென் மாத்திரை ரத்தத்தை உறையவைக்கக்கூடியது என்பதால் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. உருவம் வரும், பழைய உணர்ச்சி பெரும்பாலும் வராது. காம்பை உருவாக்குவது தனியாக, பிறகு. செலவு நாலரை லட்சம் என்றார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக அறுவை சிகிச்சைகளுக்கென்றே இலவசப் பிரிவு தொடங்கினார்கள். பணம்தான் தடை என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

எனக்குத் தடை அந்த ஆறு வாரம். வீட்டில் மெஷின் நின்றால் அடுப்பும் நிற்கும். மகள் படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கிறது. ரேடியேஷன் முடிந்து எத்தனை வருடம் கழித்தும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதால் அவசரப்படவில்லை. செய்தால் வயிற்றுச் சதைதான். செய்யாமலே இருந்துவிட்டாலும் வருத்தமில்லை, தட்டையான மார்போடு வீட்டில் நைட்டியில் திரிவது பழகிவிட்டது.

சிலிக்கானில் கடை சொல்லாத ஒரு ஆபத்து உண்டு. கோத்த ஊசியை ஜாக்கெட்டின் வலது பக்கம் குத்தி வைப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். போன ஆடியில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட, பழக்க தோஷத்தில் குத்திவிட்டு எழுந்து போனேன். வலிக்கவா போகிறது? ராத்திரி பாடியைக் கழற்றியபோதுதான் ஊசி அதிலேயே நின்றது, பை பிசுபிசுவென்று ஒட்டியது. மகள் ஓட்டையின் மேல் டேப்பை ஒட்டினாள், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது மாதிரி. நாலு நாள் தாங்கியது. இரண்டாவது வாங்கிவிட்டேன், இப்போது ஊசிக்கு இடது மணிக்கட்டில் ஒரு குஷன் கட்டிக்கொள்கிறேன்.