குறிச்சொற்களுக்கு நிறம்: எழுத்தைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா?

குறிச்சொற்களுக்கு (டேக்) நிறம் கொடுக்கும்போது, ஒத்த சொற்களுக்கு ஒத்த நிறம் வருவது நல்லது. ஆனால் பலரும் முதலில் கையில் எடுப்பது ஹாஷ் முறையைத்தான். சொல்லை ஓர் எண்ணாக்கி, 360-ஆல் வகுத்து, மீதியை நிறச் சக்கரத்தின் பாகையாகக் கொள்வார்கள். எங்கே ஓட்டினாலும் அதே சொல்லுக்கு அதே நிறம். புதுச் சொல் வந்தாலும் பழைய நிறங்கள் அசையாது. ஆனால் ஒற்றுமைக்கு இதில் இடமே இல்லை: 'மழை' சிவப்பாகவும் 'மழைக்காலம்' பச்சையாகவும் வரலாம். தமிழில் கூடுதல் தொல்லை ஒன்றும் உண்டு. 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றாகவே தெரியும் சொல்லுக்கு இரண்டு நிறம் கிடைத்துவிடும். எனவே முதலில் எல்லாவற்றையும் என்எஃப்சி எனும் யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றியே தீர வேண்டும்.

அடுத்த வழி, சொற்களுக்கு இடையிலான தொலைவை அளப்பது. கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-இல் வெளியிட்ட தொலைவு, ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுகிறது. எழுத்துப்பிழைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒன்றுசேர்க்க அருமையான வழி. பொருள் என்று வந்தால் கைவிட்டுவிடும்: 'மழை'க்கு 'மலை' நெருங்கிய உறவு, 'தூறல்' யாரோ.

சொற்களைத் திசையன்களாக, அதாவது பொருள் ஒத்தால் நெருங்கி வரும் எண்வரிசைகளாக மாற்றும் மொழி மாதிரிகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. இருந்தும் 'வெப்பம்', 'குளிர்' போன்ற எதிர்ச்சொற்கள் ஒரே சூழலில் புழங்குவதால் பக்கத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். வானிலைக் குறிச்சொற்களுக்கு அது நல்லதுதான். கருத்துக்கணிப்புப் பதில்களுக்கு ஆபத்து.

ஆனால் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது தொலைவை நிறமாக்கும் இடத்தில்தான். நிறச் சக்கரம் வட்டம். சொற்களை வரிசையாக்கி அதில் முழுக்கச் சுற்றினால், துளியும் தொடர்பில்லாத முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் சிவப்பில் சந்தித்துக்கொள்ளும். ஒரு பகுதியைக் காலியாக விட வேண்டும். நிறப் பாகை, செறிவு, ஒளிர்வு என மூன்று எண்களால் நிறத்தைக் குறிக்கும் எச்எஸ்எல் முறையும் கண்ணை ஏமாற்றும்: ஒளிர்வு 50% என்று ஒரே எண் கொடுத்தாலும் மஞ்சள் பளீரென்றும் நீலம் இருண்டும் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை ஒட்டி நிறங்களை அளக்கும், 2020-இல் வந்த ஓகேலேப் முறை இதைப் பெருமளவு சரிசெய்கிறது.

என் தேர்வு: பொருள்வழித் தொலைவில் படிநிலைக் கொத்துகள் (நெருங்கிய சொற்களைப் படிப்படியாகச் சேர்த்த குழுக்கள்) அமைத்து, கொத்துக்கு ஒரு நிறப்பகுதி ஒதுக்கி, உள்ளே வரும் சொற்களை ஒளிர்வால் பிரிப்பது. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் இந்த ஒளிர்வு வேறுபாடு கைகொடுக்கும். புதுச் சொல் வந்தால் மொத்தக் கணக்கையும் மீண்டும் போடக் கூடாது. பழகிய நிறங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். அருகிலுள்ள கொத்தில் மிச்சமிருக்கும் ஒளிர்வு ஒன்றை அதற்குக் கொடுத்தால் போதும்.