கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? 7 வருஷம் வீட்டு பீரை பாட்டிலில் அடைத்த அனுபவம்

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து 7 வருஷம் ஆகிறது. முதல் ஒன்றரை வருஷம் முழுக்க பிளாஸ்டிக் பாட்டில்தான். அப்புறம் எல்லாவற்றையும் கண்ணாடிக்கு மாற்றினேன். இப்போது அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடைத்த பிறகு அந்த பீர் எத்தனை நாள் காத்திருக்கப் போகிறது?

பிளாஸ்டிக் என்றால் இங்கே பெட் (PET) பாட்டில். அதிலும் சோடா மாதிரி வாயு அடைத்த பானத்துக்கோ, பீருக்கென்றோ செய்த தடித்த பாட்டில். வெறும் தண்ணீர் வரும் மெல்லிய பாட்டில் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அழுத்தம் தாங்குவதற்காக அதை யாரும் செய்யவில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு பிளாஸ்டிக் பாட்டில் ஒரு வாத்தியார் மாதிரி. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறோம்; மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்குகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் தெரியவே தெரியாது. பிளாஸ்டிக்கில் விரலுக்குத் தெரியும். அடைத்த அன்று கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். மூன்றாம் நாள் லேசாக எதிர்க்கும். ஒரு வாரம் பத்து நாளில் கல் மாதிரி ஆகிவிடும். சுமார் 20 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் இரண்டு வாரத்தில் குடிக்கத் தயார். ஈஸ்ட் என்ற உயிருள்ள பொருளோடு வேலை செய்கிறோம் என்பது எனக்கு உறைத்ததே அந்தக் கட்டைவிரல் வழியாகத்தான்.

இனி, நான் மறக்க முடியாத அந்த விபத்து. நொதித்தல் முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டு ஒரு முறை அடைத்துவிட்டேன். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.016 காட்டியது; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். அடுத்தடுத்த நாட்களில் மறுபடியும் அளந்து, எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. உண்மையில் அது 1.012 வரை இறங்க வேண்டிய பீர். நான்கு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் அந்த நான்கு புள்ளி பாட்டிலுக்குள் இறங்கினால், ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய இன்னும் 2 லிட்டர் வாயு கூடுகிறது. நான் போடும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம். அதில் வருவது சுமார் ஒன்றரை லிட்டர் வாயு. நொதித்தலிலிருந்து ஏற்கெனவே கரைந்திருப்பது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எல்லாவற்றையும் கூட்டினால் 4 லிட்டரைத் தாண்டிவிட்டது. சோடாவில் இருக்கும் அளவு அது. சாதாரண பீர் பாட்டிலின் கண்ணாடி அதற்கானது இல்லை.

பத்தொன்பதாம் நாள் இரவில் ஒரு சத்தம். அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு பாட்டிலின் கழுத்து மட்டும் மூடியோடு முழுசாகக் கிடந்தது. உடம்பு முழுக்கச் சில்லு. ஒரு சில்லு அட்டையைக் குத்தி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. மற்ற பாட்டில்களை நான் கையாண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் தேவைப்படலாம். கண்ணுக்குக் கவசம், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை. பெட்டியை அசைக்காமல் கனமான துணியால் மூடி, முடிந்தவரை குளிர வைத்தேன். குளிர்ந்தால் வாயு பீருக்குள் கரைந்து அழுத்தம் இறங்கும். அப்புறம் ஒவ்வொரு மூடியையும் துணியால் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வாயுவை விட்டேன்.

அதே முறை காய்ச்சிய பீரிலிருந்து நான்கு பிளாஸ்டிக் பாட்டிலும் அடைத்திருந்தேன். அவற்றின் அடிப்பாகம் உப்பி, நேராக நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒன்றுகூட வெடிக்கவில்லை. மூடியைக் கால் திருகு திருகி, ஸ்ஸ் என்று காற்றை விட்டு மறுபடி இறுக்கினேன். பீரும் பிழைத்தது. அன்றிலிருந்து எத்தனை கண்ணாடி பாட்டில் அடைத்தாலும் கூடவே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் அடைக்காமல் விடுவதில்லை. எனக்கு அதுதான் அழுத்தமானி.

இவ்வளவு நல்லது என்றால் கண்ணாடிக்கு ஏன் மாறினேன்? ருசிதான் காரணம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) தூக்கலாகப் போட்ட ஒரு வெளிர் பீரை இரண்டு வகையிலும் பாதி பாதி அடைத்து, ஒரே இருட்டு அலமாரியில் வைத்துப் பார்த்தேன். மூன்று வாரத்தில் இரண்டும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் பிளாஸ்டிக்கில் இருந்ததன் வாசனை மங்கியிருந்தது. ஆறாவது மாதம் இரண்டு கிளாஸில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தபோது மனசு கஷ்டப்பட்டது. கண்ணாடியில் இருந்தது வைக்கோல் மஞ்சள். மற்றது ஆறிப்போன டீ நிறம். நுரை எழும்பிய வேகத்தில் அடங்கியது, முகர்ந்தால் நனைந்த அட்டை வாசம். அதை நான் குடிக்கவில்லை.

பெட் பிளாஸ்டிக்கின் சுவர் வழியாக ஆக்சிஜன் மெதுவாக உள்ளே வரும், கார்பன் டை ஆக்சைடு மெதுவாக வெளியே போகும். கண்ணாடிச் சுவர் எதையும் விடாது. அதில் கசிவு என்றால் மூடியின் ஓரத்தில்தான். பாட்டில் சின்னதாக ஆக ஆக, உள்ளே இருக்கும் பீரின் அளவோடு பார்த்தால் சுவரின் பரப்பு அதிகம். அதனால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் இருப்பது ஒரு லிட்டரில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெடும். ஆக்சிஜனைத் தடுக்கும் அடுக்கு வைத்த பெட் பாட்டில்களும் உண்டு. அவை தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சாதாரண பிளாஸ்டிக்குக்கு நான் வைத்திருக்கும் கெடு இரண்டு மாதம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நிறம்தான் பேச்சு, கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பது இல்லை. ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள் வெயில் பட்டால் உடைந்து, ஒரு கந்தகச் சேர்மமாகி நாறும். பழுப்பு பாட்டில் அதை நன்றாகத் தடுக்கும். பச்சையும் நிறமில்லாததும் கிட்டத்தட்ட தடுப்பதே இல்லை. கிளாஸில் ஊற்றி வெயிலில் சில நிமிஷம் வைத்தாலே அந்த நாற்றம் வந்துவிடும்.

கழுவுவதில் கண்ணாடி எவ்வளவோ நிம்மதி. சுடுதண்ணீர், பிரஷ், எதற்கும் அசையாது. பிளாஸ்டிக்கில் பிரஷ் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கிருமி அதற்குள் குடியேறும், அப்புறம் எந்தக் கிருமிநாசினியும் முழுசாகப் போய்ச் சேராது. சுமார் 70 டிகிரியிலேயே பெட் இளக ஆரம்பிக்கும். ஒரு முறை கொதிநீரை ஊற்றிவிட்டேன். ஆறு பாட்டிலும் சுருங்கி, இடுப்பு ஒடுங்கிப் போயின. குடித்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் கவிழ்ப்பதுதான் வழி. வண்டல் காய்ந்து ஒட்டிவிட்டால் அந்த பாட்டிலை யோசிக்காமல் தூக்கிப் போடுகிறேன். இஞ்சி, ஆரஞ்சு பானம் இருந்த பாட்டிலும் வேண்டாம். அந்த வாசனை போகவே போகாது.

கண்ணாடிக்குச் சோடா மூடியும் அதை அழுத்தும் கருவியும் தனியாக வேண்டும். திருகித் திறக்கும் மரை வைத்த கழுத்தில் அந்த மூடி சரியாக உட்காராது. ஒவ்வொரு முறையும் வாய் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பேன். துளி சில்லு போயிருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். கம்பிக் கொக்கி வைத்த பாட்டில் என்றால் ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கனம் என்று பார்த்தால் பிளாஸ்டிக்தான் சௌகரியம், கையில் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

போன வாரம் 20 லிட்டர் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அடைத்தேன். ஒரு வருஷம் தூங்க வேண்டிய பீர். அதனால் 19 லிட்டர் பழுப்புக் கண்ணாடியில், ஒரு லிட்டர் மட்டும் பிளாஸ்டிக்கில். இன்று காலை அந்த ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. அலமாரியைப் பூட்டாமல் இரண்டு நாள் விட்டுவைத்திருக்கிறேன்.