திருவனந்தபுரம் – ஷார்ஜா விமானம்: பணிப்பெண் அருமை, அறிவிப்பில்தான் குறை

போன மாதம் அம்மாவை ஷார்ஜாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விமானநிலையம் என்றால் திருவனந்தபுரம்தானே. சாப்பாடு, இருக்கை எல்லாம் பரவாயில்லை. நான் எழுத வந்தது ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லும் பாதுகாப்பு விதிகளைப் பற்றி.

அம்மாவுக்கு முதல் பயணம். முந்திரிக்கொத்து டப்பா வைத்த துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முன் இருக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னதற்கு, "மடியிலேயே இருக்கட்டும் மக்ளே, உடைஞ்சிரும்" என்றார். அந்தப் பணிப்பெண் அதட்டவில்லை, பக்கத்தில் குனிந்து, விமானம் சட்டென்று நின்றால் பை பறக்கும், அவசரமாக இறங்க வேண்டி வந்தால் காலைத் தட்டும் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொல்லி, தானே பையை உள்ளே தள்ளிவிட்டு பெல்ட்டையும் இடுப்போடு இறுக்கிவிட்டார். அம்மா பிறந்தது கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம், அதனால் மலையாளம் எல்லாம் புரிந்தது. ஜன்னல் மறைப்பை ஏன் திறக்கச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்டேன். வெளியே தீ எரிந்தால் அந்தப் பக்கக் கதவைத் திறக்கக்கூடாது, அதைப் பார்ப்பதற்குத்தான் என்றார். இரவில் விளக்கை மங்கலாக்குவதும் கண் இருட்டுக்குப் பழகுவதற்காகத்தானாம். இந்தப் பெண்ணுக்கு ஐந்து நட்சத்திரமும் தரலாம்.

ஆனால் மைக்கில் வந்த அறிவிப்பு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான், அதுவும் செய்யுங்கள் என்பதோடு சரி, ஏன் என்பது கிடையாது. ஷார்ஜாவில் சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், வடசேரி ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே எழுவது போல ஆட்கள் எழுந்து மேல் பெட்டியைத் திறந்தார்கள், ஒரு கனத்த பை சரிந்து முன்வரிசைப் பெரியவரின் தோளில் விழுந்தது. உட்காருங்கள் என்று இந்தியில் கத்தினார்கள், யாரும் உட்காரவில்லை.

2016 ஆகஸ்ட் 3 அன்று இதே திருவனந்தபுரத்திலிருந்து போன போயிங் 777 துபாய் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்துபோனார். அந்த நேரத்திலும் சிலர் பையைத் தேடி எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். பாதிக் கதவுகள் அடைபட்டாலும் எல்லோரும் 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு ரக விமானத்துக்கே அனுமதி கொடுக்கிறார்கள், அதில் ஒருவர் பை எடுக்க நின்றால் பின்னால் இருப்பவர் கதி என்ன?

விமான நிறுவனத்தாரே, தமிழிலும் மலையாளத்திலும் இரண்டிரண்டு வரி, காரணத்தோடு சொல்லுங்கள். இப்போதைக்கு மூன்றரை நட்சத்திரம். டிசம்பரில் அம்மாவை உங்கள் விமானத்தில்தான் திரும்பக் கூட்டிவருகிறேன், அப்போது தமிழ் கேட்டால் மீதியையும் போட்டுவிடுவேன்.