காலப் பயண வகுப்பு: முதல் பாதிக்காகவே சேரலாம்

எதிர்காலத்துக்குப் போவது எப்படி என்பதை இந்த இணைய வகுப்பு அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறது. இறந்த காலத்துக்குப் போவது எப்படி என்று வரும்போது வெறும் படம் காட்ட ஆரம்பித்துவிடுகிறது. என் தீர்ப்பு இவ்வளவுதான், மற்றது விவரம்.

இயற்பியலே தெரியாதவர்களுக்கான காலப் பயணப் பாடம் என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். பள்ளியோடு இயற்பியலை மூட்டை கட்டி வைத்தவன் நான். பார்ப்பது கணக்குத் தணிக்கை வேலை. ஓர் எண்ணைக் கண்டால் சரிபார்க்காமல் அடுத்த வரிக்கு நகர வராது. பாடங்களையும் அப்படித்தான், பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதல் பாடத்தில் இயந்திரமும் இல்லை, புழுத்துளையும் (வெளியின் இரண்டு தொலைதூர இடங்களை இணைப்பதாகக் கற்பனை செய்யப்படும் குறுக்குவழி) இல்லை. கடிகாரங்கள்தான். 1971ல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இருவர் சீசியம் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டால், கிழக்கே சுற்றி வந்தவை 59 நானோ நொடி பின்தங்கின, மேற்கே சுற்றி வந்தவை 273 நானோ நொடி முந்தின. நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோ நொடி. திசைக்கு ஏன் இந்த வித்தியாசம்? பூமியே கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே போகும் விமானத்துக்கு வேகம் கூடுகிறது, மேற்கே போவதற்குக் குறைகிறது. வேகம் கூடினால் கடிகாரம் மெதுவாகும். உயரம் கூடினால், அதாவது ஈர்ப்பு குறைந்தால், கடிகாரம் விரைவாகும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியர் அவசரமே இல்லாமல் விளக்குகிறார்.

அடுத்து ஜிபிஎஸ். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இழப்பு, உயரத்தால் 45 மைக்ரோ நொடி வரவு, நிகரம் 38. சின்னத் தொகைதானே என்று விட முடியாது. ஒளி வேகத்தில் வரும் சமிக்ஞையின் நேரத்தை வைத்துத்தான் ஜிபிஎஸ் தொலைவைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கி.மீ. போகும், பெருக்கிப் பார்த்தேன், 11.4 கி.மீ. வந்தது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் வழிகாட்டிக் கணக்கில் அவ்வளவு பிழை சேர்ந்துவிடும். பாடத்தில் ‘பத்துக் கிலோமீட்டருக்கு மேல்’ என்று சொன்னதோடு ஒத்துப்போகிறது.

நான்காம் பாடத்துக்காக மட்டுமே இந்த வகுப்பில் இன்னொரு முறை சேரச் சொன்னாலும் சேருவேன். இரட்டைச் சகோதரிகளில் அக்கா பூமியிலேயே இருக்கிறாள். தங்கை ஒளியின் வேகத்தில் 80 விழுக்காட்டில் 4 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு) தொலைவுக்குப் போய்த் திரும்புகிறாள். அக்கா கணக்கில் போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு. தங்கைக்கு எவ்வளவு? 5இன் வர்க்கம் 25, 4இன் வர்க்கம் 16, கழித்தால் 9, வர்க்கமூலம் 3. போக 3, வர 3. அக்காவுக்குப் பத்து வயது கூடியிருக்கும், தங்கைக்கு ஆறுதான். பிதாகரஸ் தேற்றமேதான், கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி! ஐன்ஸ்டைன் 1905ல் சொன்ன சார்பியல் கோட்பாட்டை 1908ல் இப்படி வடிவியலாக்கியவர் அவருக்குக் கல்லூரியில் கணிதம் நடத்திய மின்கோவ்ஸ்கி. அந்தக் குறியால்தான், தாளில் வளைந்து நீளமாகத் தெரியும் பாதையில் போனவளுக்குக் காலம் குறைகிறது.

திரும்பும்போது ஏற்படும் உலுக்கல்தான் தங்கையின் வயதைக் குறைக்கிறது என்று எளிமைப்படுத்திச் சொல்பவர்கள் உண்டு. இவர் அந்தக் குறுக்குவழியில் போகவில்லை, அதற்குச் சான்றும் தருகிறார். மியூவான் என்ற துகள் சும்மா இருந்தால் சராசரியாக 2.2 மைக்ரோ நொடியில் சிதைந்துவிடும். செர்ன் ஆய்வகத்தில் வளையத்துக்குள் ஒளியை நெருங்கும் வேகத்தில் சுற்றியபோது சுமார் 64 மைக்ரோ நொடி தாங்கியது. 1977ல் வந்த முடிவு இது. வளையத்தில் சுற்றுவது ஒவ்வொரு கணமும் திரும்பிக்கொண்டேதானே இருக்கிறது? ஆனாலும் அந்தத் திருப்பத்துக்கென்று தனி விளைவு எதுவும் தெரியவில்லை, வேகத்துக்கு உரிய அளவுதான் காலம் நீண்டது.

ஈர்ப்புப் பாடம் சுமார். ரப்பர் விரிப்பில் குண்டை உருட்டும் அதே பழைய படம். கடிகாரம் ஏன் மெதுவாகிறது என்பதற்கு அதில் விடையே இல்லை. வெறும் 33 செ.மீ. உயர்த்தியதற்கே கடிகாரம் விரைவாக ஓடியதை 2010ல் அளந்த செய்தி மட்டும் அந்தப் பாடத்தைக் காப்பாற்றுகிறது.

அப்புறம்தான் சறுக்கல். இறந்த காலத்துக்கு வழி என்று, ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்குக் கணித மேதை கோடெல் 1949ல் கண்ட சுழலும் பிரபஞ்சத் தீர்வு ஒரே நிமிடத்தில் முடிகிறது. நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம். புழுத்துளையைத் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தைவிடவும் குறைவான ஆற்றல், வேண்டும் என்கிறார், சரி. அதற்குக் கேசிமிர் விளைவை (மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்திலும் ஒன்றையொன்று ஈர்ப்பது) சாட்சிக்கு இழுத்துவிட்டு, அது எவ்வளவு நுண்ணியது என்று சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். ஒரு ரூபாயைக் காட்டிக் கோடிக் கணக்கில் கடன் கேட்பவரை நான் விடமாட்டேன்.

எனக்கு ஆறாத குறை வேறொன்று. 1988ல் மோரிஸ், தோர்ன், யுர்ட்செவர் மூவரும் எழுதிய புழுத்துளைக் கால இயந்திரத்தில், அந்த இயந்திரம் உருவான நாளுக்கு முன்னால் போகவே முடியாது. எதிர்காலத்துச் சுற்றுலாப் பயணிகளை ஏன் இன்னும் காணோம் என்ற கேள்விக்கு அருமையான விடை ஆயிற்றே! பாடத்தில் இது அரை வாக்கியம். ஆனால் 2009ல் இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் காலப் பயணிகளுக்காக விருந்து வைத்து, முடிந்த பிறகு அழைப்பிதழை வெளியிட்ட கதை விலாவாரியாக வருகிறது. யாரும் வராததை இந்த அரை வாக்கியத்தோடு சேர்த்து யோசிக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கதைக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கும். தாத்தாவைக் கொல்லும் முரண்பாட்டுக்கு (இறந்த காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொன்றுவிட்டால் நாம் பிறந்தது எப்படி என்ற சிக்கல்) இரண்டு முழுப் பாடங்கள். தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

வர்க்கமூலம் நினைவிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். குரல் மட்டும் உள்ள வடிவமும் கிடைக்கிறது, அதை எடுக்காதீர்கள். நான்காம் பாடத்தில் வரைந்து காட்டும் பாதைகளைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் கழித்தல் குறி எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது.