நேப் டேட்டா எக்ஸ்புளோரர்: ஒரே தேர்வுக்கு இரண்டு தேசிய சராசரிகள்

டெக்சஸிலிருந்து மாசசூசெட்ஸுக்கு வேலை மாற்றலாகிச் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், எட்டாம் வகுப்புக்குப் போகும் தம் மகளுக்கு எந்த ஊர்ப் பள்ளி பொருத்தமாக இருக்கும் என்று, அமெரிக்க மாணவர்களின் கற்றல் திறனை நாடு முழுவதும் அளவிடும் நேப் (NAEP) தேர்வின் தளத்தில் பார்த்துச் சொல்லுமாறு கேட்டிருந்தார். எங்கள் பள்ளி மாவட்டக் கூட்டங்களுக்காக அந்தத் தளத்தின் டேட்டா எக்ஸ்புளோரர் கருவியில் பல ஆண்டுகளாக அட்டவணை எடுத்து வருகிறேன். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டதால், அதையே இன்னும் சற்று விரித்து இங்கே தருகிறேன். பாடம், வகுப்பு, மாநிலம், ஆண்டு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து அட்டவணை உருவாக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நண்பரின் கேள்விக்கு அந்தத் தளத்தில் விடை கிடையாது. 1969-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இத்தேர்வு, தனி மாணவருக்கோ தனிப் பள்ளிக்கோ மதிப்பெண் தருவதில்லை. சட்டமே அதற்கு இடங்கொடுக்கவில்லை. மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு மாணவரும் மொத்த வினாக்களில் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே விடையளிக்கிறார். அவ்விடைகளைத் திரட்டி, ஒரு குழுவின் திறன் எந்த அளவில் இருக்கக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள். எனவே முடிவுகள் நாடு, மாநிலம் என்ற அளவிலும், அவற்றுக்குக் கீழே சில பெருநகரப் பள்ளி மாவட்டங்களின் அளவிலும் நின்றுவிடுகின்றன. 2024-இல் அத்தகைய மாவட்டங்கள் 26. அவற்றில் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், பாஸ்டன் எல்லாம் உண்டு. ஆனால் நம்மவர்கள் தேடித்தேடி வீடு வாங்கும் பிளேனோ, பிரிஸ்கோ, லெக்சிங்டன், ஆக்டன் போன்ற புறநகர்களுக்கு அதில் இடமில்லை. பள்ளி வாரியான முடிவு வேண்டுமென்றால் அந்தந்த மாநிலம் தானே நடத்தும் தேர்வைத்தான் பார்க்க வேண்டும். டெக்சஸின் தேர்வும் மாசசூசெட்ஸின் தேர்வும் வெவ்வேறு வினாக்களும் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளும் (தேர்ச்சிக்கான எல்லை மதிப்பெண்களும்) கொண்டவை என்பதால் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இது தளத்தின் குறையன்று, அதன் இயல்பு. என்னை இத்தனை ஆண்டுகளாக எரிச்சலூட்டி வருவது வேறொன்று. மாநிலங்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ‘நேஷனல்’ என்று ஒரு பெட்டியும், அதனுடன் ‘நேஷனல் பப்ளிக்’ என்று இன்னொரு பெட்டியும் இருக்கின்றன. 2019-இல் நான்காம் வகுப்பு வாசிப்புத் தேர்வின் சராசரி முதல் பெட்டியின்படி 220, இரண்டாவதன்படி 219. அதே ஆண்டு நான்காம் வகுப்புக் கணிதத்தில் 241, 240. எட்டாம் வகுப்புக் கணிதத்தில் 282, 281. காரணம் எளியது: முதலாவதில் தனியார் பள்ளி மாணவர்களும் அடங்குவர், இரண்டாவதில் அரசுப் பொதுப்பள்ளி மாணவர்கள் மட்டுமே. மாநில மாதிரிகளில் பொதுப்பள்ளி மாணவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதால், மாநிலத்தோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். நாளிதழ்த் தலைப்புகளில் வருவதோ பெரும்பாலும் முதல் எண்.

ஒரு புள்ளிக்கு இவ்வளவு ஆவேசமா என்று கேட்பவர்களுக்கு மிசிசிப்பியைச் சொல்வேன். 2013-இல் அம்மாநிலத்தின் நான்காம் வகுப்பு வாசிப்புச் சராசரி 209; பொதுப்பள்ளிகளின் தேசிய சராசரி 221. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாசிக்கத் தெரியாத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் சட்டமும், எழுத்தொலி வழியில் வாசிக்கக் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வந்தபின், 2019-இல் அது 219-ஐ எட்டியது. அமெரிக்கப் பள்ளிக்கல்வி குறித்துப் பேசுபவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டும் இந்த ஏற்றத்தில், மிசிசிப்பி தேசிய சராசரியைத் தொட்டதா, ஒரு புள்ளி பின்தங்கி நின்றதா என்பது நாம் எந்தப் பெட்டியில் டிக் செய்தோம் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. நியாயமாகச் சொல்வதானால், ஒரு மாநில மாதிரியின் திட்டப் பிழையே, அதாவது எல்லாரையும் சோதிக்காமல் மாதிரி எடுப்பதால் சராசரியில் வரக்கூடிய ஏற்ற இறக்கமே, ஏறக்குறைய ஒரு புள்ளி இருக்கும் என்பதால் அந்த இடைவெளி புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதே அல்ல. ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று ‘உங்கள் எண் பத்திரிகையில் வந்த எண்ணோடு பொருந்தவில்லையே’ என்று கேட்பவரிடம் திட்டப் பிழையை விளக்கிக்கொண்டிருக்க முடிவதில்லை. இது போதாதென்று, வாசிப்புத் தேர்வில் 1998-ஆம் ஆண்டு பட்டியலில் இருமுறை வரும்: மாற்றுத்திறனுள்ள மாணவர்களுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் சிறப்பு உதவி அனுமதிக்கப்பட்ட கணக்கு ஒன்று, அனுமதிக்கப்படாத கணக்கு மற்றொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேலே தொங்கும் ஒரு சிறிய ‘1’ மட்டுமே.

இதே தளத்தில் நான் மனமாரப் பாராட்டும் ஒன்றும் உண்டு. அட்டவணையின் கட்டத்தில் சில வேளைகளில் எண்ணுக்குப் பதிலாக ‡ என்ற குறி வரும். அந்தக் குழுவிலிருந்து குறைந்தது 62 மாணவர்களாவது மாதிரியில் இல்லையென்றால் முடிவை வெளியிட மாட்டோம் என்பதே அதன் பொருள். பத்துப் பன்னிரண்டு பேரின் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு தசமப் புள்ளியோடு தரவரிசை போடும் தளங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, ‘எங்களிடம் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை’ என்று ஒரு கருவி ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்களே அறிவார்கள். இரு மாநிலங்களுக்கோ இரு ஆண்டுகளுக்கோ இடையிலான வேறுபாடு உண்மையானதா, மாதிரி எடுத்ததில் நேர்ந்த தற்செயலா என்பதை ஒரே அழுத்தலில் சோதித்துச் சொல்லும் வசதியும் அவ்வாறே. அச்சோதனை முழு எண்ணாக்கப்படாத மதிப்புகளைக் கொண்டு நடப்பதால், கண்ணுக்குத் தெரியும் எண்களைக் கழித்து வரும் விடையும் கருவி தரும் விடையும் சில நேரம் ஒன்றுபடா. அப்போது கருவி சொல்வதையே நம்ப வேண்டும்.

இந்தியக் குழந்தைகளின் முடிவு தனியாகக் கிடைக்குமா என்பது நண்பரின் துணைக் கேள்வி. கிடைக்காது. 2011 முதல் பசிபிக் தீவினரைத் தனியே பிரித்துக் காட்டுகிறார்களே தவிர, ‘ஏசியன்’ என்ற பிரிவுக்குள் இந்தியரும் சீனரும் வியட்நாமியரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி, வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று மாணவர்களிடமே கேட்டுப் பெற்ற பிரிவு. பத்துக்கு மேற்படாதவர்கள், நூற்றுக்கு மேல் வைத்திருப்பவர்கள் என்று பிரித்துப் பார்த்தால், இரு மாநிலங்களின் சராசரிக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பள்ளியால் வந்தது, எவ்வளவு வீட்டிலிருந்தே வந்தது என்ற ஐயம் யாருக்கும் எழும்.

இவ்வளவு சொன்னபின் நண்பருக்கு நான் தந்த அறிவுரை, அந்தத் தளத்தைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான். மாசசூசெட்ஸ் பட்டியலின் உச்சியில் இருப்பதைப் பார்த்து மகிழ்வார். அந்த மகிழ்ச்சியைக் கொண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. மாநிலங்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும் பேசுபவர்களுக்கும் இதற்கு ஈடான இன்னொரு தளம் அமெரிக்காவில் இல்லை. 2025 மார்ச்சில் இதை நடத்தும் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பணிநீக்கம் செய்யப்பட்டபின், எனக்குத் தேவையான அட்டவணைகளைத் திட்டப் பிழையோடு எக்செல் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டேன்; இத்தளத்தை நம்பியிருப்பவர்களும் அவ்வாறே செய்துவிடுங்கள். மதிப்பெண் கேட்டால், இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். 220-ஐயும் 219-ஐயும் ஒரே மேசையில் வைத்து யாருக்கும் விளக்க நேராத ஒரு வாரத்தில் கேட்டிருந்தால் நான்கரை தந்திருப்பேன்.