பவுண் காசா, சுவிஸ் கட்டியா?

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பங்கைத் தங்கத்தில் போடுவோம் என்பதில் எங்கள் வீட்டில் சண்டை வரவில்லை. எந்தத் தங்கம் என்பதில்தான் வந்தது. மனைவியின் தம்பி, "அத்தான், கண்ணை மூடிக்கொண்டு சுவிஸ் கட்டியை வாங்குங்கோ. 24 கரட். உலகத்தில எங்க கொண்டு போனாலும் செல்லும்" என்றான். மனைவியோ, "பவுண் காசை விட்டிட்டு வேற ஒண்டும் வாங்க வேண்டாம்" என்றாள். இருவரையும் பகைத்துக்கொள்ளத் தைரியம் இல்லாமல் நான் இரண்டையும் வாங்கினேன். கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில், கடை ஒன்றின் முத்திரை போட்ட 22 கரட் பவுண் காசு நான்கு. அட்டையில் வைத்து ஒட்டிய 20 கிராம் கட்டி ஒன்று. ஏழு மாதம் கழித்து மகனின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. ஒரே வாரத்தில் இரண்டையும் விற்கப் போனேன். வாங்கிய நாளில் கண்ணில் படாத வித்தியாசமெல்லாம் அந்த வாரத்தில்தான் தெரிந்தது. நான் இப்போது காசுப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகையை இதில் சேர்க்கவில்லை. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கி, விற்கும் நாளில் இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கல் வைத்த நகை என்றால் கேட்கவே வேண்டாம். களவுப் பயம், வங்கிப் பெட்டகத்துக்கான வாடகை, வட்டி எதுவும் வராதது எல்லாம் காசுக்கும் கட்டிக்கும் ஒன்றுதான். அவற்றையும் விட்டுவிடலாம்.

விலைக் கணக்கை மட்டும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கடைக்காரரிடம் பேச வாய் வரும். உலகச் சந்தையில் தங்கம் டிரோய் அவுன்ஸ் கணக்கில் போகிறது. ஒரு அவுன்ஸ் 31.1035 கிராம். நம்முடைய பவுண் 8 கிராம். அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், 24 கரட் பவுண் ஏறத்தாழ 308,600 ரூபா. அதை 24ஆல் வகுத்து 22ஆல் பெருக்கினால் 22 கரட் பவுண் 282,900 சொச்சம். செட்டியார் தெருவில் சொல்லும் விலை பெரும்பாலும் இதற்கு மேலேதான் நிற்கும். வரி, இறக்குமதிச் செலவு, அன்றைய கிராக்கி எல்லாம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். சனம் முண்டியடித்து வாங்கும் நாளில் அந்த இடைவெளி அகலும், பிறகு சுருங்கும். அகன்ற நாளில் வாங்கிச் சுருங்கிய நாளில் விற்றால், உலக விலை அசையாமல் இருந்தாலும் நட்டம்தான்.

இன்னொன்று, இங்கே தங்கத்தின் விலையை இழுப்பது இரண்டு கயிறுகள். ஒன்று அவுன்ஸ் விலை, மற்றது ரூபாவின் நிலை. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நாட்களில் வாங்கிய பலர், அடுத்த ஆண்டு டொலர் 300 பக்கம் இறங்கியபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அதே மாதம் ஒரே நாளில் நூற்றுக்கு 5க்கு மேல் விழவும் செய்தது. இந்த ஆட்டத்தில் காசுக்கும் கட்டிக்கும் வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும்.

சரி, அப்படியானால் வேறுபாடு எங்கே? திரும்ப விற்பதில். எனக்கு மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் கட்டியைத்தான் விற்க நினைத்தேன். காசு பிள்ளைகளுக்கு, கட்டி முதலீட்டுக்கு என்று மனதில் பிரித்து வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி புறக்கோட்டையில் இறங்கி, கதிரேசன் கோயில் பக்கம் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலக்கத்தை வாசித்தார். "பில் இருக்கா ஐயா?" என்றார். இருந்தது, ஆனால் வேறு கடையின் பில். "அப்ப அங்கயே குடுத்தா நல்ல விலை கிடைக்கும்" என்று சிரித்தபடி திருப்பித் தந்தார். வாங்கிய கடையிலோ அந்தக் கிழமை கட்டி எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவது கடையில் எடுக்கத் தயார். ஆனால் அட்டையை வெட்ட வேண்டும், ஓரத்தில் அராவிப் பார்க்க வேண்டும். வெட்டிய பிறகு விலை சரிவராவிட்டால் என்ன செய்வது? அட்டை போன கட்டியைப் பிறகு யாரிடம் கொண்டு போவது? பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் இரண்டு காசுகளோடு, அவற்றை அடித்த கடைக்கே போனேன். தங்கள் முத்திரையைப் பார்த்தார்கள், தராசில் வைத்தார்கள், கரட்டை வாசிக்கும் கருவியான கரட் மீற்றரில் ஒருமுறை காட்டினார்கள். தேநீர் ஆறுவதற்குள் பணம் கையில். அன்றைய விற்பனை விலைக்கும் எனக்குத் தந்த விலைக்கும் இடையில் கொஞ்சம் விட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் பணம் இன்னும் போதாமல் கட்டியையும் வெட்டக் கொடுத்து விற்றேன். கிராமுக்குக் கிராம் பார்த்தால், காசில் விட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டியில் விட்டிருக்கிறேன். ஒருவனுடைய ஒருமுறை அனுபவம்தான் இது. கடைக்குக் கடை மாறும்.

கடைக்காரரின் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு விசாரித்தபோதுதான் அதன் காரணம் விளங்கியது. தங்கத்தின் அடர்த்தி கன சென்றிமீற்றருக்கு 19.3 கிராம். டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான், 19.25. உள்ளே டங்ஸ்டனை வைத்து மேலே தங்கம் பூசினால் எடையும் அளவும் பொய் சொல்லாது. உரைகல்லில் உரைத்தாலும் மேல்தோல் மட்டுமே பேசும். கரட் மீற்றரும் மேற்பரப்பைத்தான் வாசிக்கும். தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்க்கும் பழைய வித்தை பித்தளையைக் காட்டிக்கொடுக்கும், டங்ஸ்டனைக் காட்டாது. ஆகவே தடித்த கட்டியைக் கண்டால் அராவ வேண்டும், துளைக்க வேண்டும், அல்லது உருக்க வேண்டும். மெல்லிய காசுக்குள் இப்படி ஒளித்து வைப்பது கடினம். அதுவும் தன் சொந்த அச்சில் அடித்த காசு என்றால் கடைக்காரருக்குத் தன் கையெழுத்தைப் பார்ப்பதுபோல. வல்காம்பி, பாம்ப் போன்ற சுவிஸ் உருக்காலைகளின் அட்டையும் இலக்கமும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இருக்கின்றன. ஆனால் அட்டையையும் போலியாக அச்சடிக்கலாம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டியைத் துண்டுபோட முடியாது என்பது இன்னொரு பிரச்சினை. ஒன்றரை லட்சம் ரூபா தேவைப்பட்டாலும் முழுக் கட்டியும் போகவேண்டும். காசு என்றால் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைப் பெட்டிக்குள் வைக்கலாம். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் அம்மம்மா கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனபோது, இடுப்பில் ஒரு துணிப்பையில் ஆறு பவுண் காசு இருந்ததாம். வீட்டுக்கு அத்திவாரம் போட ஒன்று, மாமாவை வெளிநாடு அனுப்ப இரண்டு என்று அவை பத்து வருடம் தாக்குப்பிடித்தன. அதே எடையில் ஒரே கட்டியாக இருந்திருந்தால் முதல் மழைக்காலத்திலேயே போயிருக்கும்.

விற்காமல் அடகு வைப்பவர்களும் இங்கே நிறையப் பேர். ஊரில் அடைவு என்போம். மக்கள் வங்கி, இலங்கை வங்கி என்று பெரிய வங்கிகளே அந்தச் சேவையைச் செய்கின்றன. முற்பணத்தைப் பவுண் கணக்கில்தான் சொல்வார்கள். நான் விசாரித்த ஒரு கிளையில் காசை உரைத்துப் பார்த்து எடுக்கத் தயாராக இருந்தார்கள். கட்டிக்கு முதல் கேள்வியே, "அட்டையைப் பிரிக்கலாமா?" என்பதுதான். எல்லாக் கிளையும் இப்படி என்று சொல்லமாட்டேன். வாங்குவதற்கு முன் உங்கள் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மனைவியின் காரணம் வேறு. மகளுக்குக் கலியாணம் வரும். பொன்னுருக்கலுக்கு ஒரு பவுண் காசு வேண்டும். நல்ல நாளில் பத்தர் உருக்கித் தாலிக்கு எடுப்பார். கொடிக்கு ஒன்பதோ பதினொன்றோ, எத்தனை பவுண் ஆனாலும் 22 கரட்டில்தான் செய்வார்கள். கையில் உள்ள காசு அப்படியே அதற்குள் போய்விடும். 24 கரட் கட்டியைக் கொடுத்தால் செம்பும் வெள்ளியும் கலந்து 22க்குக் கொண்டுவர வேண்டும். பத்தருக்கு அது பெரிய வேலை இல்லை என்றாலும், கலந்த பிறகு எடைக் கணக்கில் எங்களைப் போன்றவர்களின் தலை சுற்றும். முதலீடு பற்றிய பேச்சில் தாலிக்கொடி எதற்கு என்று மச்சான் கேட்டான். எங்கள் வீடுகளில் தங்கம் கடைசியில் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

கட்டிக்கும் நியாயம் உண்டு. சுத்தம் 999.9 என்று பொறித்திருக்கும், பேரம் பேச இடமில்லை. 22 கரட் காசில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான், அதற்குக் கடை கேட்கும் விலை நான் மேலே போட்ட கணக்கைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்க்காமல் வாங்கினால், கடை முத்திரைக்குச் சேர்த்துப் பணம் கொடுத்தவராவீர்கள். பெரிய தொகை போடுபவருக்குக் கிராமுக்கான கூலி கட்டியில் குறையும். 100 கிராம் பிஸ்கட், பத்துத் தோலா கட்டி எல்லாம் நான் கையால் தொட்டதில்லை. அவற்றை வாங்கி விற்பவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு வேறு கடைகள். என் பேச்சு 20 கிராமோடு நிற்கிறது.

காசில் பெரிய குறை, அது அந்த ஒரு கடையை நம்பி இருப்பதுதான். மற்றக் கடைக்குப் போனால் உங்கள் காசு வெறும் பழைய தங்கம். அவர் தன் விலையைத்தான் சொல்வார். கடையே மூடப்பட்டால் முத்திரைக்கு மதிப்பில்லை. அதனால் பல வருடம் நிலைத்த கடையாகப் பாருங்கள். பில்லில் எடையும் கரட்டும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாங்கும் அதே நிமிடத்தில், "இதையே இப்ப திருப்பித் தந்தா எவ்வளவு தருவீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். நேராக விலை சொல்பவரிடம் வாங்கலாம். "அதுக்கென்ன, பாத்துத் தருவம்" என்பவரிடம் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தரத்தில் சந்தேகம் இருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பவுண் என்ற பெயரையே நமக்குத் தந்த இங்கிலாந்துக் காசு, சவரின். 22 கரட், 7.988 கிராம், ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை, மறுபக்கம் குதிரையில் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜோர்ஜ். உலகம் முழுக்கத் தெரிந்த காசு. பிரித்தானியாவில் அது சட்டபூர்வ நாணயம் என்பதால், அங்கே வசிப்பவர் விற்று இலாபம் பார்த்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. பிள்ளைகள் லண்டனில் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். செட்டியார் தெருவில் அதற்குப் பழைய தங்கத்தின் விலைக்குமேல் பெரிதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாட்டி காலத்தில் வளையம் ஒட்டி மாலையில் கோத்த காசு என்றால், பற்றவைத்த இடத்தைக் காட்டி இன்னும் குறைப்பார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டு போவதானால் சுங்கத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். கேட்காமல் கொண்டு போக வழி தேடுபவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை.

மிச்சமிருந்த இரண்டு காசும் பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. மகனின் படிப்புக் கட்டணம் கட்டி முடிந்த பிறகு ஒன்று சேர்த்தேன், அதே கடையில். மச்சான் இன்னும் கட்டிதான் வாங்குகிறான். அவனுடைய பிள்ளைகள் இருவரும் சூரிச்சில்.