கட்டியைக் குப்பையில் போட்ட கிளினிக்கும் வேப்பேரி மைக்ராஸ்கோப்பும்

அம்மா வளர்க்கும் லாப்ரடார் ஜிம்மிக்குத் தொடையில் நெல்லிக்காய் அளவு கட்டி. நான் மெல்போர்னிலிருந்து சென்னை வந்து சேர்வதற்குள், பக்கத்துத் தெரு கிளினிக்கில் வெட்டி எடுத்துவிட்டார்கள். "வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா" என்று டாக்டர் அமுக்கிப் பார்த்தே சொன்னாராம். எடுத்த கட்டி எங்கே என்று போய்க் கேட்டேன். "அதை அப்பவே குப்பையில போட்டாச்சு சார்" என்றார் கம்பவுண்டர்.

அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. மெல்போர்னில் நாயிடமிருந்து எதை வெட்டினாலும், பயாப்ஸிக்கு அனுப்பட்டுமா என்று கேட்காமல் விட்டதில்லை. அதற்கு வரும் பில் வேறு கதை.

நாயின் தோல் கட்டிகளை அவை எந்த செல்லில் கிளம்புகின்றன என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். மேல்தோலும் அதன் சுரப்பிகளும் ஒரு வகை. கொழுப்பு, நார்த் திசு இன்னொரு வகை. நிறமி செல் தனி. அப்புறம் வட்டச் செல் கட்டிகள். இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றுநோய் இருக்கிறது. சில சமயம் கொழுப்புக் கட்டி போலவே மெத்தென்று இருக்கும். விரலால் தொட்டு எப்படிச் சொல்ல முடியும்?

தையல் பிரித்த கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி தடித்தது. தேய்த்தால் சிவந்து வீங்கியது. நேரே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். சின்ன வயதில் அப்பாவோடு போன அதே வளாகம், அதே வரிசை. வெயிலில் நின்று எரிச்சலின் உச்சத்தில் இருந்தேன்.

உள்ளே ஒரு இளம் டாக்டர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தார். "வாங்க சார், நீங்களே பாருங்க" என்று என்னையும் கூப்பிட்டார். உருண்டை உருண்டையான செல்கள், உள்ளே ஊதா நிறத்தில் பொடிப் பொடியாகத் துகள்கள். மாஸ்ட் செல்கள்தான். அந்தத் துகள்களில்தான் வீக்கம் உண்டாக்கும் ஹிஸ்டமின் இருக்கிறதாம். கட்டியைத் தேய்த்தால் அது வெளியேறி வீங்கும். மெல்போர்னில் இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

இந்த முறை சுற்றிலும் கீழேயும் நல்ல சதையைச் சேர்த்து அகலமாக வெட்டினார்கள். எடுத்தது முழுவதும், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு பரிசோதனைக்குப் போனது. ரிப்போர்ட்டில் கட்டியின் தீவிரம் பட்நாயக் முறைப்படி இரண்டாம் படி, கியூப்பல் முறைப்படி குறைவு என்று வந்தது. 1984-இல் வந்த பட்நாயக் முறையில் மூன்று படிகள். நடுப்படியிலேயே பாதிக்கு மேல் குவிந்துவிடும். ஒரே கட்டிக்கு ஆளுக்கொரு படி சொல்வதும் உண்டு. அதனால்தான் 2011-இல் கியூப்பல் முறையில் தீவிரம் குறைவு, அதிகம் என்று இரண்டாகச் சுருக்கினார்கள். பிளவுபடும் செல்களை எண்ணுவது அதில் முக்கியம். வெட்டிய ஓரங்களில் கட்டியின் செல் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அம்மா அழுதுவிட்டார்.

முதல் கட்டி எந்தப் படியில் இருந்தது, எந்த ஓரத்தில் மிச்சம் விட்டார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. ஜிம்மிக்குத்தான் தேவையில்லாமல் இரண்டு முறை மயக்க மருந்து. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அந்தக் கிளினிக்கில் கொடுத்தேன். டாக்டர் நின்றபடியே முழுதும் படித்தார். "இனிமே அனுப்பிடறோம்" என்றார். ஃபார்மலின் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். வாங்க வேண்டுமாம்.